பெட்டியைத் தொடவிடாத மதலேனாள்

முதலில் ஊரே அதைக் கும்பிடு என்றுதான் நினைத்தது. மாலத்தீவிலிருந்து வின்சென்ட் அனுப்பிய வீடியோவில், தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்த அவன் மகள் பெனிட்டா இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பல்கூட முளைக்காத பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், கோவிலில் முதல் வரிசையில் நிற்கிற பெரிய மனுஷி மாதிரி அத்தனை பயபக்தியாகக் கும்பிட்டது. பார்த்த மதலேனாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடப்பிறந்த தம்பியின் மகள் அல்லவா.

"ஏலே தம்பி, அத்தைக்குத் தோத்திரம் சொல்லுதுடா எங்காத்தா!" என்று போனுக்கே முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் திராட்சைத் தோட்டத்தில் கூட வேலைசெய்கிற அத்தனை பேருக்கும் அந்த வீடியோவைக் காட்டினாள். கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் பந்தலுக்குக் கீழே கூடிக் கூடிப் பார்த்தார்கள். உபதேசியார் சாலமன் அதைக் கோவில் வாட்ஸப் குழுவில் போட்டார். போட்டதோடு விட்டாரா, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் வழிபாட்டில் மைக்கைப் பிடித்து, "கடல் கடந்து போயும் நம்ம சவேரியாபுரத்துப் பிள்ளை பேசுறதுக்கு முந்தியே கும்பிடக் கத்துக்கிருச்சு" என்று அறிவிப்பும் செய்தார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஊர் சந்தோஷப்பட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உத்தமபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் பிரியும் பாதையில், பந்தல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் சவேரியாபுரம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதக்காரர்கள் குடியிருக்கும் ஊர். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் சாமியை மறந்துவிடுவார்களோ என்கிற பயம் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆக, அந்த வீடியோ ஊருக்கே ஆறுதலாகப் போயிற்று. வினை பிடித்தது வேறு இடத்தில்.

பெனிட்டாவின் அம்மா ஷீபா மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு நாள் வின்சென்ட் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அவள் மதலேனாளைக் கூப்பிட்டாள்.

"மதினி, எனக்கென்னமோ பயமா இருக்கு. தூங்கி எந்திரிச்ச உடனே வரிசையாப் பண்றா. பண்ணி முடிச்சதும் அழுவுறா. முன்ன மாதிரி மொகத்தப் பாத்துச் சிரிக்க மாட்டேங்கிறா. டாக்டர்ட்டக் காட்டலாமா?"

"டாக்டர்ட்டப் போயி என்னன்னு சொல்லப் போற தாயி? புள்ள கும்பிடுதுன்னா? ஊருக் கண்ணு பட்டிருக்கும். மொளகா சுத்திப் போடு, சரியாப் போகும்" என்றாள் மதலேனாள்.

வின்சென்ட்டிடமும் அதையே சொன்னாள். அக்கா சொன்னால் அவனுக்கு மேல்முறையீடு கிடையாது. அவன் பால்குடி மறப்பதற்குள் தாய் போய்விட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவனைத் தூக்கி வளர்த்தவள் மதலேனாள்தான். மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். தம்பி படிப்பு முடிந்து வேலைக்குப் போனபோது கேட்டு வர ஆள் இல்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. பந்தல் வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாய்ப் பேச்சிலும் கிடையாது. எந்தக் காலேஜில் சேர்வது, நேர்முகத் தேர்வுக்கு எந்தச் சட்டை போடுவது, ஷீபாவைக் கட்டலாமா வேண்டாமா, எல்லாமே அக்காவைக் கேட்டுத்தான். தீவுக்குப் போய் கணக்கு வாத்தியாரான பிறகும், மீன் வாங்கினால்கூட போனில் காட்டி, "இது நல்ல மீனாக்கா?" என்று கேட்கிற ஆள் அவன்.

வாரங்கள் போயின. ஒரு காலை ஷீபா யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறித் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மறுநாள் வின்சென்ட்டின் போன் வந்தபோது மதலேனாள் பந்தலில் கொத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது கும்பிடு இல்லக்கா. வலிப்பாம்."

"என்னடா சொல்ற?"

"மூளைக்குள்ள வர்ற வலிப்பாம். அந்தக் காலத்து டாக்டர்களே கும்பிடு போடுற வலிப்புன்னுதேன் பேரு வச்சிருக்காகளாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் புள்ள கத்துக்கிட்டது கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிட்டே போகுமாம். ஏன் இம்புட்டு லேட்டா கொண்டாந்தீகன்னு கேட்டாக."

நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்க மதலேனாளுக்கு வாய் வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். தன் போனில் இருந்த அந்த வீடியோவை அழித்தாள். ஆனால் அது ஊரில் எல்லாருடைய போனிலும் இருந்தது. அத்தனையையும் அவள் எங்கே போய் அழிப்பாள்.

அந்த வலிப்புக்கு ஓர் ஊசி மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் நிறையப் பிள்ளைகளுக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மாலத்தீவில் எங்கேயும் இருப்பு இல்லை. தருவிக்க மாதக் கணக்கில் ஆகலாம். பிள்ளையை இங்கே தூக்கி வந்துவிடலாம் என்றால் அங்கேயே பிறந்த அதற்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. ஆக, மருந்துதான் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும்.

மதலேனாள் அன்றைக்கே உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே மெடிக்கல் கடை வைத்திருக்கிற ஹேமாவதி அவளுக்குப் பழக்கம். மருந்துச்சீட்டின் படத்தைப் போனில் பார்த்த ஹேமாவதியின் முகம் சுருங்கிப்போனது.

"இது இங்கயே கெடைக்காதேக்கா. கம்பெனியில இருந்தே சரக்கு வரல. தேனியில எவருகிட்டயும் இருக்காது" என்றாள். ஆனாலும் அவள் நல்ல மனுஷி. கடைக்கு வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று மொத்த வியாபாரிகளையெல்லாம் கூப்பிட்டாள். எல்லாரும் இல்லை என்றார்கள். சிலர் இல்லை என்று சொல்லவும் பொழுதில்லாமல் போனை வைத்தார்கள்.

அதன்பிறகு மதலேனாள் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். தினமும் வேலை முடிந்து ஹேமாவதியின் கடை வாசலில் போய் நிற்பாள். ஹேமாவதி தலையை ஆட்டுவாள். இவள் திரும்பி வருவாள். நிலத்தைக் கொத்தச் சொன்னால் கொத்துவாள், மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவாள், யார் காலிலாவது விழச் சொன்னால் விழுந்துவிடுவாள். அப்படி எதையும் அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை. உடம்பில் இருக்கிற பலமெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மருந்து ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேறொரு பிள்ளைக்காகத் தருவித்து மிஞ்சியது என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏன் மிஞ்சியது என்று ஹேமாவதி சொல்லவில்லை, மதலேனாளும் கேட்கவில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, சுற்றி டேப் ஒட்டி, மத்தியானம் கடைக்கு வந்துசேர்ந்தது.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இது சூடு தாங்காது. பெட்டியத் தொறக்கவே கூடாது. ஐஸ்ஸு ஒரு நாளைக்கு நிக்கும்" என்று ஹேமாவதி சொன்னாள்.

வின்சென்ட்டின் பள்ளிக்கூடத்திலேயே வேலைசெய்கிற ஜோதிலட்சுமி டீச்சர் லீவுக்குத் தேனிக்கு வந்திருந்தார். அன்று சாயங்காலம் காரில் குமுளி வழியாகக் கொச்சி போய், காலையில் விமானம் ஏறுகிறார். கார் ஊருக்குப் பாதை பிரியும் சவேரியாபுரம் விலக்கில் நின்று பெட்டியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மதலேனாள் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

விலக்குக்கு எதிரேதான் கோவில். செவ்வாய்க்கிழமை. நவநாள் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

சவேரியாபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரைவிட்டுப் போகிற எதுவும், ஊருக்குள் புதிதாக வருகிற எதுவும், முதலில் அந்தோணியார் பாதத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஜனங்கள் வரிசையில் வந்து அதைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்வார்கள். எல்லாருடைய வேண்டுதலும் அந்தப் பொருளோடு கூடப் போகும் என்பது நம்பிக்கை. பாஸ்போர்ட், போர்வெல் மோட்டார், நீட் பரீட்சை ஹால் டிக்கெட், ஒரு தடவை ஒருவருடைய புதுப் பல்செட் உட்பட எல்லாம் அந்தப் பாதத்தில் இருந்து எழுந்தவைதான். மருந்து என்றால் கேட்கவே வேண்டாம். மாத்திரை அட்டையைக்கூடப் பிரித்துத் தொட்டுத்தான் கொடுப்பார்கள்.

"மருந்து வந்திருச்சா ஆத்தா? தோத்திரம்!" என்று சாலமன் கை நீட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எழுபதை நெருங்குகிற வயது. "கொண்டா, பாதத்துல வச்சிட்டு வருவோம். ஜனமும் நிக்கிது. பங்குச் சாமி மதுரைக்குப் போயிருக்காக, பரவாயில்ல, நான் செபம் சொல்றேன்."

"வேணாம் சித்தப்பா. கார் வந்துரும்."

"வந்தா நிக்கட்டும். ரெண்டு நிமிசம். டேப்ப மட்டும் லேசாப் பிரிச்சுக்கிட்டா எல்லாரும் ஒருக்காத் தொட்டுக்கிருவாக."

அதற்குள் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். பந்தலில் கூட வெட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பெனிட்டாவுக்காக உபவாசம் இருந்தவர்கள். எல்லாருடைய முகத்திலும் உண்மையான பாசம் இருந்தது. ஒருத்தி பெட்டியின் மூடி மேல் கை வைத்தாள். சாலமனின் நகம் டேப்பின் ஓரத்தைத் தேடியது.

மதலேனாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். லேசாக அல்ல, பட்டென்று சத்தம் வரத் தட்டிவிட்டாள்.

"யாரும் தொடாதீக! கும்பிட்டு கும்பிட்டுத்தேன எம்புள்ளைய இந்தக் கெதிக்குக் கொண்டாந்து விட்டுருக்கோம்! போங்க எல்லாரும்!"

இவ்வளவு பெரிய வார்த்தையை அந்தக் கோவில் வாசல் கேட்டதில்லை. பெண்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சாலமன் அடி வாங்கிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தாலாவது மதலேனாள் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். கார் வந்தது. பெட்டி டேப் பிரியாமல் டீச்சரின் மடிக்குப் போயிற்று. லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, குமுளியைக் கடந்து கொச்சிக்குப் போய்ச்சேர்ந்த சேதி வரும்வரை மதலேனாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அவள் நிம்மதியாக இருந்தாள்.

மறுநாள் மாலத்தீவு விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். இந்த வகை மருந்தைக் கொண்டுவர முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கியிருக்க வேண்டுமாம். சட்டம் அதுதான், அவர்கள்மேல் பழி சொல்ல முடியாது. ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. டீச்சருக்குத் தெரியாது, வின்சென்ட்டுக்குத் தெரியாது, டாக்டர் கொடுத்த சீட்டே போதும் என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் அழுது பார்த்தார். குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்று கெஞ்சினார். சரி, ஏசி அறையில் வைக்கிறோம் என்றார்கள். வின்சென்ட் படகேறி வந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். இடையில் அந்த ஊர் விடுமுறை வேறு குறுக்கே வந்தது. பெட்டி அவன் கைக்குக் கிடைத்தபோது உள்ளே ஐஸ் இல்லை. குளிர் விட்டுப்போன தண்ணீரில் மருந்துக் குப்பிகள் மிதந்தன.

சேதி ஊருக்குள் வர நேரமாகவில்லை. பந்தலில் யாரும் மதலேனாளின் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சவேரியாபுரத்துக்காரர்கள் அப்படிச் சொல்கிறவர்களும் இல்லை. அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும், "ஒரு தடவ பாதத்துல வச்சுட்டு அனுப்பியிருக்கலாம்" என்று கொடியைப் பார்த்துச் சொன்னாள். மதலேனாளுக்குச் சுருக்கென்றது. காரணம், ராத்திரி முழுக்க அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். நம்பினபோது பிள்ளையின் நாட்கள் போயின. நம்பாமல் தட்டிவிட்டபோது மருந்து போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி அவளாகவே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வின்சென்ட் கூப்பிட்டான். அவன் தீவுக்கே திரும்பியிருந்தான். பின்னால் குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"அக்கா, தீவு ஆஸ்பத்திரியிலதேன் இருக்கோம். இங்கன டாக்டரு எங்களையே முடிவு பண்ணச் சொல்றாரு. மருந்தப் பாத்தா நல்லா இருக்கற மாதிரிதேன் இருக்காம். கெட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதாம். போட்டு, கெட்டுப்போன மருந்தா இருந்துச்சுன்னா ஒண்ணும் கேக்காது, இருக்குற நாளும் வீணாப் போகும். வேற ஒரு மாத்திர இருக்காம், அது கண்பார்வையப் பாதிச்சாலும் பாதிக்குமாம். ஷீபா எதுவும் பேச மாட்டேங்கிறா. நீ சொல்லுக்கா. போடவா, வேணாமா?"

"நான் என்னடா சொல்றது? எனக்கு என்ன தெரியும்?"

"நீதேங்க்கா சொல்லணும். யோசிச்சுச் சொல்லு. டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்காரு." போனை வைத்துவிட்டான்.

மதலேனாள் ஹேமாவதியைக் கூப்பிட்டாள். ஹேமாவதி விவரமெல்லாம் கேட்டாள். எத்தனை நேரம் வெளியே இருந்தது, ஏசி அறையா, வெயில் பட்டதா.

"சில நேரம் தாங்கும்க்கா, சில நேரம் தாங்காது. இதுல நான் வாயத் தொறந்தா அது பாவம். தெரியாததத் தெரியும்னு சொல்லக்கூடாதில்லக்கா."

மதலேனாள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தாள். கால் அவளைக் கோவிலுக்குக் கொண்டுபோய் விட்டது. உச்சி வெயில், உள்ளே ஒருவரும் இல்லை. சாலமன் மட்டும் மெழுகுவர்த்தித் தட்டில் உறைந்திருந்த மெழுகைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் அவர் எதிரே நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு நேரம் இல்லை. நடந்ததைச் சொல்லி, "நீங்க கேட்டுச் சொல்லுங்க சித்தப்பா. உங்களுக்குத்தேன் செபம் தெரியும். போடலாமா வேணாமா?" என்றாள்.

சாலமனின் கரண்டி நின்றது. ஊரில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை அந்தோணியாரிடம் கேட்டுச் சொல்கிற மனுஷன் அவர்.

"என்னக் கேக்காத ஆத்தா" என்றார். "வலிப்பப் பாத்து கும்பிடுன்னு மைக்குல சொன்னவன் நான். அன்னைக்கு இருந்து எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. சும்மா தட்டச் சொரண்டிக்கிட்டுக் கெடக்கேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுரண்டத் தொடங்கினார். மதலேனாள் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றாள். கையில் பாலனை ஏந்திக்கொண்டு அந்தோணியார் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை பாலன்மேல் இருந்தது. அவள் கேட்டாள். மனசுக்குள் கேட்டாள், வாய்விட்டும் கேட்டாள். ஒரு பல்லி கத்தினால்கூடப் போதும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ரோட்டில் ஒரு டிராக்டர் போனது. மெழுகு சுரண்டுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

போன் அடித்தது. அங்கேயே, முழங்காலில் நின்றபடியே எடுத்தாள்.

"அக்கா, டாக்டரு கெளம்பப் போறாராம். என்னக்கா சொல்ற?"

தம்பி எடுக்கிற முடிவு தப்பாகப் போனால் ஆயுசு முழுக்க மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவன் சாவான், அந்த ஷீபாவும் சாவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. மருந்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தம்பியைப் பற்றித் தெரியும்.

"கோயில்லதேன் இருக்கேன்" என்றாள்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

மெழுகு சுரண்டுகிற சத்தம் நின்றிருந்தது. சாலமன் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடச் சொன்னாரு" என்றாள் மதலேனாள்.

அந்தப் பக்கம் வின்சென்ட் விட்ட மூச்சு இவள் காதில் சுட்டது. "அப்பச் சரிக்கா, அப்பச் சரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஷீபாவிடம் சொன்னான், டாக்டரிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். போனை அணைக்க மறந்துவிட்டான். நாற்காலி நகர்ந்தது, ஏதோ உறையைக் கிழித்தார்கள், ஷீபா மகளைக் கொஞ்சிச் சமாதானம் சொன்னாள். பிறகு பெனிட்டா வீறிட்டு அழுதாள்.

மதலேனாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிவரை அந்த அழுகையைக் கேட்டாள். நிமிர்ந்து பீடத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.